மீட்டரில் 400 காட்டுகிறது, மோட்டார் ஏன் எரிகிறது? மின்தரம் பார்க்கப் பழகுபவர்களுக்கு

ரங்கூன் பக்கம் ஒரு மில்லில் மோட்டார் எரிந்தால் முதலில் கேட்கிற வார்த்தை "லைன் சரியில்லை". மோட்டார் சூடானாலும் லைன், ஸ்டார்ட்டர் தானாக விழுந்தாலும் லைன், ஆறு மாதத்தில் இரண்டாவது முறை ரீவைண்டிங்குக்குப் போனாலும் லைன். லைனில் என்ன சரியில்லை என்று கேட்டால் "வோல்டேஜ் கம்மி" என்பதோடு பேச்சு நின்றுவிடும். சில நேரம் அது உண்மைதான். ஆனால் மீட்டரில் 400 வோல்ட் காட்டிக்கொண்டிருக்கும்போதே எரிகிற மோட்டார்களும் நிறைய. அந்த 400 எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் மின்தர ஆய்வுப் பயிற்சியின் தொடக்கம். அரிசி மில், மர அறுவை மில், ஐஸ் ஃபேக்டரி, ஹ்லைங்தாயா பக்கத்துத் தையல் ஆலைகள் என்று மூன்று பேஸ் மோட்டார் ஓடுகிற எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

மின்தரம் என்பது எது

மியான்மரில் ஆலைக்கு வரும் மின்சாரம் மூன்று பேஸ், 50 ஹெர்ட்ஸ். பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 400 வோல்ட், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருக்க வேண்டும் என்பது கணக்கு. வருகிற மின்சாரம் இந்தக் கணக்குக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறது, மூன்று பேஸும் தங்களுக்குள் எவ்வளவு ஒத்திருக்கின்றன, அலை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதைச் சேர்த்துத்தான் மின்தரம் என்கிறோம்.

மின்வெட்டு வேறு விஷயம். கோடையில் அணைகளில் தண்ணீர் இறங்கி, மார்ச் முதல் மே வரை வெட்டு கூடுகிறது. அதை எல்லாரும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் கரண்ட் இல்லாத நேரத்தில் எந்த மோட்டாரும் எரிவதில்லை. கரண்ட் இருக்கும்போதும், போகும்போதும் திரும்பி வரும்போதும்தான் எரிகிறது. வெட்டையும் தரத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் ஜெனரேட்டர் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். அது தீர்வதில்லை என்பதைக் கீழே பார்க்கலாம்.

மூன்று உலக்கை, ஓர் உரல்

ஒரே உரலில் மூன்று பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் உலக்கை இறங்கும்போது அடுத்தவர் உலக்கை ஏறும். மூவரும் ஒரே பலத்தில், ஒரே இடைவெளியில் போட்டால் வேலை ஓடுவதே தெரியாது. ஒருவர் மட்டும் சோர்ந்து மெதுவாகப் போட்டால் என்ன ஆகும்? இடி குறைவதோடு போகாது. தாளம் கெட்டு, மற்ற இருவரும் கையை இழுத்துப் பிடித்துச் சமாளிக்க வேண்டிவரும். வியர்வை கூடும், மாவு கூடாது.

மூன்று பேஸ் மோட்டாரும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. மூன்று பேஸும் மூன்றில் ஒரு பங்குச் சுற்று இடைவெளியில் ஏறி இறங்குவதால், மோட்டாரின் வெளிப்பகுதியான ஸ்டேட்டரில் ஒரு காந்தப்புலம் சுழல்கிறது. உள்ளே இருக்கும் ரோட்டரை அந்தப் புலம் இழுத்துக்கொண்டு போகிறது. மூன்றும் சமமாக இருந்தால் புலம் சீராக ஒரே திசையில் சுற்றும். சமம் கெட்டால் முன்னோக்கிச் சுற்றும் பெரிய புலத்தோடு, பின்னோக்கிச் சுற்றும் ஒரு சின்னப் புலமும் சேர்ந்து பிறக்கிறது. அந்தச் சின்னதுதான் வில்லன்.

ஏனென்றால், ரோட்டர் ஒரு திசையில் வேகமாக ஓடிக்கொண்டிருக்க, இந்தப் புலம் எதிர்த்திசையில் வருகிறது. ரோட்டரின் பார்வையில் இது கிட்டத்தட்ட 100 ஹெர்ட்ஸில் வெட்டுகிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்தால் 6, 7 மடங்கு ஆம்பியர் இழுக்கும் அல்லவா? புலத்துக்கும் ரோட்டருக்கும் வேகம் ஒத்துப்போகாதபோது மோட்டாருக்குள் கரண்ட்டைத் தடுக்க அதிகம் எதுவும் இருப்பதில்லை, அதனால்தான் அந்த இழுப்பு. பின்னோக்கிய புலத்துக்கும் அதே நிலைமைதான். அதனால் வோல்டேஜில் 1 சதவீதம் வித்தியாசம் இருந்தால் ஆம்பியரில் 6 முதல் 10 சதவீதம் வரை வித்தியாசம் தெரியும்.

சமமின்மையைக் கணக்கிடுவது

இது கடினமான கணக்கு இல்லை, மல்டி மீட்டர் போதும். மோட்டார் லோடில் ஓடும்போது பேஸுக்கும் பேஸுக்கும் இடையே மூன்று அளவுகள் எடுங்கள். நியூட்ரலோடு சேர்த்து அளந்ததை இதில் போடக்கூடாது. உதாரணத்துக்கு 400, 396, 380 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 392. சராசரியிலிருந்து அதிகம் விலகி நிற்பது 380, விலகல் 12. பன்னிரண்டை 392-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் சுமார் 3 சதவீதம். இதுதான் வோல்டேஜ் சமமின்மை.

மூன்று சதவீதம் என்ன பெரிசு என்று தோன்றலாம். மோட்டார்காரர்களுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: சமமின்மையைத் தன்னாலேயே பெருக்கி, அதை இரண்டால் பெருக்கினால், காயிலின் வெப்ப ஏற்றம் எத்தனை சதவீதம் கூடும் என்று தோராயமாகக் கிடைக்கும். இங்கே 18 சதவீதம். வழக்கமாக 80 டிகிரி ஏறும் மோட்டார் இப்போது 94 டிகிரிக்கு மேல் ஏறும். காயில் மேல் பூசிய இன்சுலேஷன் வார்னிஷுக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது இன்னொரு கைக்கணக்கு. இரண்டையும் சேர்த்தால் ஒன்பது வருஷம் ஓட வேண்டிய காயில் மூன்றரை வருஷத்துக்குள் படுத்துவிடும். இத்தனைக்கும் மீட்டரில் ஒரு பேஸ் 400 காட்டிக்கொண்டேதான் இருக்கிறது.

அமெரிக்க மின்கருவி உற்பத்தியாளர் சங்கமான நெமா வைத்திருக்கும் அளவுகோல் கறாரானது. 1 சதவீதம் வரை மோட்டாரை முழு லோடில் ஓட்டலாம். அதைத் தாண்டினால் லோடைக் குறைக்க வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் ஓட்டவே கூடாது. 5 சதவீதத்தில் 40 குதிரைத்திறன் மோட்டார் 30 குதிரைத்திறன் மோட்டாராகத்தான் நடத்தப்பட வேண்டும்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு பேஸில் ஆம்பியர் கூடினால், மோட்டாரைக் காப்பாற்ற அதை நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலே விழுகிறது. வேலை நிற்கிறதே என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதன் டயலை ஏற்றிவிடுகிறார்கள். ரிலே சொல்ல வந்த சேதியை வாயைப் பொத்தி அனுப்பியது போல்தான். அடுத்த சேதி புகையாக வரும்.

இதுவரை சொன்னதில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: மோட்டாருக்கு வோல்டேஜ் எவ்வளவு என்பதை விட, மூன்றும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பது முக்கியம்.

மூன்றும் சேர்ந்து குறைந்தால்

மூன்று பேஸும் சமமாகவே 340-க்கு இறங்கிவிட்டது என்றால்? மோட்டாரின் சுழற்றும் திறன், அதாவது டார்க், வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 340 என்பது 85 சதவீதம். டார்க் 72 சதவீதத்துக்கு விழும். உமி நீக்கும் ஹல்லரில் நெல் நிறைந்திருக்கும்போது ஸ்டார்ட் கொடுத்தால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்பது இதனால்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் நிற்காது, ஆனால் அதே வேலையைச் செய்ய 18 சதவீதம் வரை கூடுதல் ஆம்பியர் இழுக்கும். இரவில் பக்கத்து ஆலைகள் மூடியபின் வோல்டேஜ் கணக்குக்கு மேல் ஏறுவதும் நல்லதல்ல. உள்ளிருக்கும் இரும்பு காந்தத்தால் நிரம்பி, வெறுமனே சூடாகும்.

கண்ணிமைக்கும் நேரத்துப் பள்ளம்

வோல்டேஜ் 90 சதவீதத்துக்குக் கீழே சட்டென்று இறங்கி, அரைச் சுற்றிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் திரும்பி ஏறிவிட்டால் அதை வோல்டேஜ் பள்ளம் என்கிறோம். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லி செகண்ட்தான். பெரிய பள்ளமாக இருந்தால் சில சுற்றுகளிலேயே ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கான்டாக்டர், அதாவது காந்தத்தால் பிடித்திருக்கும் ஸ்விட்ச், பிடியை விட்டுவிடும். விளக்கு ஒரு தடவை மினுக்கியது, மில் நின்றுவிட்டது. மல்டி மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. பேய் பிடித்தது போலத் தோன்றும். மல்டி மீட்டர் ஒரு செகண்டில் சில தடவைதான் எண்ணை மாற்றும், அந்தப் பள்ளத்தை அது பார்க்கவே இல்லை.

பள்ளம் எங்கிருந்தும் வரலாம். தூரத்து லைனில் மரக்கிளை உரசியிருக்கலாம். அல்லது, இதுதான் அதிகம், அதே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் இன்னொரு பெரிய மோட்டாரை நேரடி ஸ்டார்ட்டரில் தட்டியிருக்கலாம்.

வெட்டு முடிந்து கரண்ட் வரும் நேரம் இன்னும் மோசம். "மீ லா பீ", கரண்ட் வந்துவிட்டது, என்று தெருவே கூவும். அதே நொடியில் எல்லா வீட்டிலும் தண்ணீர் பம்பு, ஃப்ரிட்ஜ், ஏசி ஒன்றாக ஏறும். லைன் தள்ளாடும் அந்த நேரத்தில்தான் மில்லிலும் அவசரமாகப் பச்சை பட்டனைத் தட்டுகிறார்கள். ஐந்து நிமிடம் பொறுத்து, மூன்று பேஸையும் பார்த்துவிட்டு, சின்ன மோட்டார் முதலில், பெரியது பின்னால் என்று ஏற்றுவது செலவில்லாத வைத்தியம். இன்னொன்று, ஜெனரேட்டரிலிருந்து லைனுக்கு மாற்றும்போது மோட்டார் முழுதாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாருக்குள் கொஞ்ச நேரம் சொந்த வோல்டேஜ் மிச்சமிருக்கும். லைன் அதோடு தாளம் தப்பி மோதினால் கப்ளிங் முறியும் அளவுக்கு உதை விழும்.

கோணிப்போன அலை

நல்ல மின்சாரத்தின் அலை வழவழப்பாக ஏறி இறங்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ், தையல் மெஷினின் சர்வோ மோட்டார், எல்இடி விளக்கு, பேட்டரி சார்ஜ் செய்யும் இன்வெர்ட்டர் ஆகியவை அலையை முழுசாக எடுக்காமல் உச்சியில் மட்டும் கடித்துக்கொள்கின்றன. அப்படிக் கோணிய அலையைப் பிரித்துப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸோடு அதன் மடங்குகளும் கலந்திருக்கும். இந்த மடங்குகளுக்குப் பெயர் ஹார்மோனிக்ஸ். மொத்தத்தில் எத்தனை சதவீதம் கலப்பு என்று சொல்லும் எண் டிஹெச்டி.

மோட்டாருக்கு இதில் முக்கியமான எதிரி ஐந்தாவது ஹார்மோனிக், 250 ஹெர்ட்ஸ். அது பின்னோக்கிச் சுற்றும் ரகம். சமமின்மையில் பார்த்த அதே வில்லன், வேறு சட்டை. ஆனால் நேர்மையாகச் சொன்னால், நம் ஊர் ஆலைகளில் ஹார்மோனிக்ஸால் நேரடியாகச் சாகிற மோட்டாரை விட, சமமின்மையால் சாகிறதுதான் கூடுதல் என்பது என் எண்ணம். ஹார்மோனிக்ஸ் முதலில் கொல்வது பவர் ஃபேக்டருக்காக (இழுக்கிற கரண்ட்டில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற அளவு) வைத்திருக்கும் கெப்பாசிட்டர்களை. பயிற்சி வகுப்புகளில் ஹார்மோனிக்ஸுக்கு இரண்டு நாள், சமமின்மைக்கு அரை மணி என்று நடத்துவது எனக்குப் பிடிக்காததும் அதனால்தான்.

ஜெனரேட்டரில் ஓடும்போது இது கூடும். லைனோடு ஒப்பிட்டால் ஜெனரேட்டர் பலவீனமான மூலம். அதே டிரைவ், அதே தையல் மெஷின், ஆனால் அலை இன்னும் கோணும், பேஸ்கள் இன்னும் பிரியும். ஒரு பேஸில் மட்டும் விளக்குகளையும் ஒற்றை பேஸ் மெஷின்களையும் ஏற்றியிருந்தால் ஜெனரேட்டர் அதை உடனே காட்டிக்கொடுக்கும்.

ஆக, நான்கு தொந்தரவுகள்: பேஸ்கள் சமமில்லாமை, மொத்தமாகக் குறைவது அல்லது கூடுவது, நொடிப் பள்ளம், கோணிய அலை. முதல் இரண்டையும் கையில் இருக்கும் மீட்டரே ஓரளவு காட்டும். பின்னிரண்டுக்குப் பதிவு செய்யும் கருவி வேண்டும்.

கருவியை மாட்டுவது

பவர் குவாலிட்டி அனலைசர் என்பது மூன்று வோல்டேஜையும் மூன்று ஆம்பியரையும் இடைவிடாமல் பார்த்துப் பதிந்துகொள்ளும் பெட்டி. பட்டன்களைக் கற்க ஒரு மதியம் போதும். தவறு நடப்பது மாட்டுவதில். ஆம்பியர் கிளாம்ப்பில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது லோடு பக்கம் பார்க்க வேண்டும். சிவப்பு பேஸின் வோல்டேஜ் வயரோடு மஞ்சள் பேஸின் கிளாம்ப் ஜோடி சேர்ந்தால் பெட்டி கேள்வி கேட்காது. பவர் ஃபேக்டரில் அபத்தமான எண்களைக் காட்டிக்கொண்டு ஒரு வாரம் பதியும். பதிவைத் தொடங்குமுன் மூன்று பேஸிலும் கிலோவாட் நேர்க்குறியில், ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்த்தால் இந்த வம்பு இல்லை.

உயிருள்ள பேனலைத் திறந்து மாட்டுகிற வேலை இது. மெயின் போர்டில் மாட்டும் கருவியிலும் அதன் வயர்களிலும் கேட் 3 அல்லது கேட் 4 என்ற குறி இருக்க வேண்டும். அது இல்லாத மலிவு மீட்டர் ஒரு திடீர் உயர் வோல்டேஜில் கையிலேயே வெடிக்கும். ரப்பர் கையுறை, முகமூடிக் கண்ணாடி, பக்கத்தில் இன்னோர் ஆள். இதில் பேரம் கிடையாது.

எவ்வளவு நாள் பதிய வேண்டும்? ஐரோப்பியத் தரக்குறிப்பு இ.என். 50160 ஒரு முழு வாரத்தை, பத்து பத்து நிமிட சராசரிகளாகப் பார்க்கிறது. அதில் 95 சதவீத நேரம் வோல்டேஜ் 10 சதவீத ஏற்ற இறக்கத்துக்குள்ளும், சமமின்மை 2 சதவீதத்துக்குள்ளும், டிஹெச்டி 8 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். வாரம் என்பது நல்ல அளவு, ஞாயிற்றுக்கிழமையும் உள்ளே வந்துவிடும். திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறையில் மில் மூடியிருக்கும்போது கூட ஒரு பதிவு எடுத்து வைத்துக்கொள்ளலாம். நம் லோடு எதுவும் இல்லாமல் லைன் எப்படி இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஃபோர்மேன் ஒரு நோட்டில் எந்த மோட்டார் எத்தனை மணிக்கு ஏறியது, எப்போது ஜெனரேட்டருக்கு மாறியது என்று எழுதிவைக்க வேண்டும். அந்த நோட்டு இல்லாத பதிவு வெறும் கோலம்.

தப்பு லைனிலா, மில்லுக்குள்ளா

பயிற்சியின் உயிர் இங்கேதான். ஒரு வோல்டேஜ் பள்ளம் பதிவாகியிருக்கிறது. அதே நொடியில் நம் மெயினில் ஆம்பியர் என்ன செய்தது? வோல்டேஜ் இறங்கும்போது ஆம்பியர் பாய்ந்து ஏறியிருந்தால் காரணம் பொதுவாக நம் பக்கம். ஏதோ ஒரு பெரிய மோட்டார் ஏறியிருக்கிறது அல்லது எங்கோ ஷார்ட். வோல்டேஜும் ஆம்பியரும் சேர்ந்தே இறங்கியிருந்தால் காரணம் வெளியில்.

சமமின்மைக்கு இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: மெயின் போர்டில் ஒரு தடவை, மோட்டாரின் டெர்மினல் பெட்டியில் ஒரு தடவை, இரண்டும் லோடில். மெயினில் மூன்றும் சமம், மோட்டாரில் இல்லை என்றால் நடுவில் ஏதோ இருக்கிறது: தளர்ந்த லக்கு (வயர் முனைப் பிடி), தீய்ந்த கான்டாக்டர் முனை, அரித்த ஃபியூஸ் பிடி. மழைக்காலம் முடிந்தபின் ஐராவதி டெல்டா பக்கத்து மில்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மெயினிலேயே சமமில்லை என்றால் ஒற்றை பேஸ் லோடுகள் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். தையல் ஆலையில் புது வரிசை மெஷின் வரும்போதெல்லாம் கைக்கு எட்டிய பேஸில் மாட்டிவிடுவது வழக்கம். எல்லாவற்றையும் நிறுத்தியும் லைன் சமமில்லை என்றால் அப்போது மின்சார அலுவலகத்துக்குப் போகலாம், கையில் ஒரு வாரப் பதிவோடு. "வோல்டேஜ் கம்மி" என்ற புகாருக்கும் அந்தத் தாளுக்கும் கிடைக்கிற மரியாதை வேறு.

வோல்டேஜ் சமமாக இருந்தும் ஒரு பேஸில் ஆம்பியர் கூடுதலாக இருக்கிறதா? சப்ளையை அணைத்துப் பூட்டிவிட்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களையும் ஓர் இடம் நகர்த்துங்கள்: சிவப்பு மஞ்சளின் இடத்துக்கு, மஞ்சள் நீலத்தின் இடத்துக்கு, நீலம் சிவப்பின் இடத்துக்கு. மூன்றும் நகர்வதால் சுற்றும் திசை மாறாது. மறுபடி ஓட்டி அளங்கள். கூடுதல் ஆம்பியர் அதே சப்ளை பேஸிலேயே நின்றால் கோளாறு சப்ளையில். மோட்டார் டெர்மினலோடு கூடவே நகர்ந்தால் கோளாறு காயிலில். அனலைசர் வாங்கக் காசில்லாத மில்லிலும் ஒரு கிளாம்ப் மீட்டரை வைத்துச் செய்யக்கூடிய சோதனை இது.

எரிந்த காயிலைப் படிப்பது

ரீவைண்டிங் கடைக்காரர் பழைய காயிலை அறுத்துப் போடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். காயில் முழுதும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு அல்லது மொத்தமாக வோல்டேஜ் குறைவு. ஸ்டார் இணைப்பு (மூன்று காயில்களின் ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்தது) மோட்டாரில் இரண்டு பேஸ் காயில்கள் கருகி ஒன்று புதிதுபோல் இருந்தால், ஒரு பேஸ் அறுந்துபோன பின்னும் மோட்டார் ஓடியிருக்கிறது. டெல்டா இணைப்பில் (மூன்றும் முக்கோணமாகச் சேர்ந்தது) அதே விபத்து ஒரு பேஸ் காயிலை மட்டும் கருக்கும். வோல்டேஜ் சமமின்மையும் ஒரு பேஸைத்தான் அதிகம் தீய்க்கும். எனவே டெல்டா மோட்டாரில் இரண்டையும் பிரித்தறிய ஃபியூஸையும் கான்டாக்டரையும் கூடப் பார்க்க வேண்டும்.

மருந்து மாறிப்போகும் இடங்கள்

கெப்பாசிட்டர் மாட்டினால் எல்லாம் சரியாகும் என்று விற்பவர்கள் உண்டு. அது பவர் ஃபேக்டரைத் திருத்தும், சமமின்மையைத் திருத்தாது. டிரைவ்கள் நிறைந்த ஆலையில் கெப்பாசிட்டரும் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து ஏதாவது ஒரு ஹார்மோனிக்கை ஊதிப் பெரிதாக்கவும் கூடும். ஸ்டெபிலைசர் வாங்குவதென்றால் மூன்று பேஸையும் தனித்தனியாகச் சரிசெய்யும் வகையா என்று கேளுங்கள். மூன்றையும் ஒரே மோட்டாரால் சேர்த்து ஏற்றி இறக்கும் வகை, 400, 396, 380 என்று வந்ததை அதே வித்தியாசத்தோடுதான் வெளியே அனுப்பும். பேஸ் ஒன்று அறுந்தாலோ, வரிசை மாறினாலோ, சமமின்மை எல்லை மீறினாலோ மோட்டாரை நிறுத்திவிடும் ரிலே இவை எல்லாவற்றையும் விட மலிவு. நான் ஒன்றை மட்டும் வாங்கச் சொல்வதென்றால் அதைத்தான் சொல்வேன்.

ஆளைப் பயிற்சிக்கு அனுப்புகிறவர்கள் பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: வகுப்பில் திறந்து பார்ப்பது கருவிக் கம்பெனியின் மாதிரிப் பதிவா, அல்லது உங்கள் மில்லிலிருந்து கொண்டுபோகும் ஒரு வாரப் பதிவையும் பிரித்துப் பார்ப்பார்களா? இரண்டாவதற்கு ஒத்துக்கொள்ளாத வகுப்பில் பட்டன் பழக்கம் கிடைக்கும், அதற்குக் கருவியோடு வந்த கையேடே போதும்.